மால்குடியைக் காட்டிய மாக்கலைஞர் சங்கர் நாக்

மனித வாழ்வை ஆண்டுக் கணக்கால் அளப்பது உலக வழக்கம். ஆயினும் சிலருடைய வாழ்வை அவ்வாறு அளக்கப் புகுந்தால் கணக்கு நேராவதில்லை. எண்பது ஆண்டுகள் இருந்தும் தம் தெருவுக்கு அப்பால் அறியப்படாமல் மறைவோர் உண்டு. முப்பத்தைந்து ஆண்டுகளே இருந்து, ஒரு மாநிலமே தம் பெயரை அன்போடு சொல்லும்படி செய்துவிட்டு மறைந்தோரும் உண்டு. இப்பின்னவருள் ஒருவர் கன்னட நாட்டுக் கலைஞர் சங்கர் நாக். அவர் மறைந்து முப்பத்தைந்து ஆண்டுகள் ஆகின்றன. அவர் வாழ்ந்த காலமும், அவர் இல்லாத காலமும் இன்று ஏறக்குறையச் சமமாகி நிற்கின்றன.

தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலரில் கன்னடக் கலைஞர் ஒருவருடைய வரலாறு எதற்கு என்று அன்பர்களுள் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. நம்முள் நாற்பது வயதைக் கடந்து நிற்போர் யாவரும் சிறுவராக இருந்தபோது, தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்து மகிழ்ந்த முதல் மகிழ்ச்சியை அளித்தவர் அவரே. பிழைப்பை நாடி இம்மண்ணுக்கு வந்து வேரூன்றிய நம் போன்றோருக்கு அவருடைய வாழ்க்கை ஒரு செய்தியையும் வைத்திருக்கிறது. அதனைச் சொல்லவே இக்கட்டுரை எழுந்தது.

சங்கர் நாக் 1954-ஆம் ஆண்டு நவம்பர் 9-ஆம் நாள் பிறந்தார். வட கன்னட மாவட்டத்தில், அரபிக் கடலோரம் அமைந்த ஹொன்னாவர் வட்டாரம் அவர் பிறந்த இடம். தந்தையார் சதானந்த நாகரகட்டே, அன்னையார் ஆனந்தி. வீட்டில் வழங்கிய மொழி கொங்கணி. அண்ணன் அனந்த நாக் இவருக்கு ஆறாண்டு மூத்தவர். பின்னாளில் இந்தியத் திரையுலகம் போற்றும் நடிகராக விளங்கியவர். ஷிராலி என்னும் ஊரில் சித்ராபுர மடத்தின் சூழலில் இளமையைக் கழித்த சங்கர், பின்னர்ப் பம்பாய் சென்றார்.

பம்பாய் வேலை தேடுவோரை ஏற்றுக்கொள்ளும் நகரம். சங்கருக்கும் ஒரு வங்கியில் வேலை கிடைத்தது. பகலில் பேரேடு, மாலையில் நாடகம். மராத்தி நாடக மேடை அந்நாளில் புதுமைகள் நிறைந்து செழித்திருந்தது. கொங்கணி வீட்டுப் பிள்ளை மராத்தி மேடையில் ஏறினார். அம்மொழியைத் தம் மொழியாக்கிக் கொண்டார். பின்னாளில் தம் வாழ்க்கைத் துணையாக வரவிருந்த அருந்ததியாரையும் அந்நாடக உலகிலேயே கண்டார். 1979-இல் வெளிவந்து தேசிய விருது பெற்ற '22 ஜூன் 1897' என்னும் மராத்திப் படத்தின் எழுத்துப் பணியில் அவருக்கும் பங்கு உண்டு. பூனாவில் ஆங்கில அதிகாரி ரேண்டைச் சுட்ட சாபேகர் சகோதரரின் வரலாறு அது. பகல் முழுவதும் அலுவலகத்தில் கணக்கெழுதுகிறவனுக்கு மாலையில் வேறொரு வாழ்வு இருக்கலாகாது என்று யாரும் விதிக்கவில்லை என்பதை இவருடைய பம்பாய் வாழ்க்கை காட்டுகிறது. அலுவலகம் முடிந்து வந்து சங்கத்து நாடகத்தில் வேடம் கட்டும் நம் உறுப்பினர்கள் இதனை மனத்தில் கொள்வார்களாக.

கன்னடத் திரைக்கு அவரை அழைத்து வந்த படம் 1978-இல் கிரீஷ் கர்னாட் இயக்கிய 'ஒந்தானொந்து காலதல்லி'. கூலிக்குப் போர்புரியும் வீரனாக அதில் அவர் நடித்தார். 1979-இல் டில்லியில் நடைபெற்ற அனைத்துலகத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகருக்கான வெள்ளி மயில் விருது இந்நடிப்புக்காக அவருக்கு வழங்கப்பெற்றது. அப்போது அவருக்கு வயது இருபத்துநான்கே. முதல் கன்னடப் படத்திலேயே இத்தகைய பெருமை எய்துதல் எளிதன்று.

அதன்பின் அவர் பெங்களூரில் குடியேறினார். பன்னிரண்டே ஆண்டுகளில் ஏறத்தாழ எண்பது படங்களில் நடித்தார். அவற்றுள் 1980-இல் வந்த 'ஆட்டோ ராஜா' அவரைத் தெருவெங்கும் கொண்டு சேர்த்தது. ஆட்டோ ஓட்டுநனாக அவர் நடித்த அப்படத்துக்குப் பிறகு, கன்னட நாட்டு ஆட்டோக்காரர்கள் அவரைத் தம்முள் ஒருவராகவே எண்ணத் தலைப்பட்டனர். இன்றும் பெங்களூரிலும் மைசூரிலும் ஆட்டோக்களின் பின்புறத்தில் அவருடைய படத்தைக் காணலாம். அவர் மறைந்த பின் பிறந்த இளைஞர்களும் அப்படத்தை ஒட்டியிருக்கின்றனர் என்பதுதான் வியப்பு. இதே கதை 1982-இல் விஜயகாந்த் நடிக்கத் தமிழிலும் அதே பெயரில் வெளிவந்ததை அன்பர்கள் அறிவார்கள்.

நடிப்பால் வந்த பொருளையும் புகழையும் கொண்டு அவர் செய்தவை இன்னும் சிறப்பானவை. அவர் முதலில் இயக்கிய 'மிஞ்சின ஓட்ட' 1980-இல் வெளிவந்தது. அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடித்த அப்படம் மாநில விருதுகள் பலவற்றைப் பெற்றது. 1981-இல் அவர் இயக்கிய 'கீதா' படத்துக்கு இசையமைத்தவர் நம் இளையராஜா. அப்பாடல்கள் இன்றளவும் இப்பகுதியின் திருமண வீடுகளில் ஒலிக்கின்றன. அவற்றைக் கேட்டுத் தலையசைப்பவருள் தமிழர் யார், கன்னடர் யார் என்று பிரித்தறிய இயலாது. 1985-இல் வந்த 'ஆக்சிடெண்ட்' செல்வர் வீட்டு இளைஞர்கள் போதையில் காரோட்டி, நடைபாதையில் உறங்கிய ஏழைகளைக் கொல்வதையும், அதனை மறைக்கச் செல்வாக்குள்ளோர் செய்யும் சூழ்ச்சிகளையும் சொல்வது. அப்படம் தேசிய விருது பெற்றது. அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் எழுதிய முத்துக் குளிப்பவன் கதையைத் தழுவி, ராஜ்குமாரை நாயகராகக் கொண்டு 1987-இல் 'ஒந்து முத்தின கதே' என்னும் படத்தையும் அவர் இயக்கினார்.

படங்கள் எத்தனை வந்தாலும் நாடக மேடையை அவர் கைவிடவில்லை. 'சங்கேத்' என்னும் நாடகக் குழுவை அருந்ததியாருடன் சேர்ந்து நடத்தினார். பம்பாயில் தாம் கற்றதைக் கன்னட மேடைக்கு வழங்கினார். திரையில் புகழ் பெற்ற பின்னும் மேடைக்குத் திரும்பி வருவோர் சிலரே. அச்சிலருள் இவர் ஒருவர்.

இனி, நம் தலைமுறைச் சிறுவருக்கு அவர் அளித்த பெருங்கொடைக்கு வருவோம். அதுவே 'மால்குடி டேஸ்' என்னும் தொலைக்காட்சித் தொடர்.

மால்குடி எந்த வரைபடத்திலும் இல்லாத ஊர். அதனைப் படைத்தவர் ஆர். கே. நாராயண். அவர் 1906-இல் சென்னையில் பிறந்த தமிழர். தந்தையார் மைசூரில் தலைமை ஆசிரியராக இருந்தமையால் அவரும் மைசூருக்கு வந்தார். வாழ்நாளின் பெரும்பகுதியை இங்கேயே கழித்தார். மைசூர்த் தெருக்களில் நாள்தோறும் நடந்து, கண்ட மனிதர்களையெல்லாம் உள்ளத்தில் வாங்கி, ஆங்கிலத்தில் கதைகளாக்கினார். சுவாமிநாதன் என்னும் பள்ளிச் சிறுவனைப் பற்றிய அவருடைய முதல் நாவல் 1935-இல் வெளிவந்தது. யாதவகிரியில் அவர் கட்டி வாழ்ந்த வீடு 2016 முதல் நினைவகமாக விளங்குகிறது. நஞ்சன்கூட்டிலிருந்து அது ஒரு மணிப் பயணத் தொலைவே. மலரைப் படிக்கும் பெற்றோர் தம் மக்களை ஒருமுறை அங்கு அழைத்துச் செல்லலாம்.

இக்கதைகளைத் தொலைக்காட்சிக்கு ஆக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர் டி. எஸ். நரசிம்மன் சங்கர் நாக்கிடம் ஒப்படைத்தார். மால்குடியை எங்கே தேடுவது? சங்கர் மேற்குத் தொடர்ச்சி மலையில், பெருமழைக்குப் பெயர்போன ஆகும்பே என்னும் சிற்றூரைத் தேர்ந்தார். அங்கிருந்த ஓட்டு வீடுகளும் திண்ணைகளும் தெருவும் மால்குடியாயின. இரயில் நிலையக் காட்சிகளுக்கு, சிவமொக்காவிலிருந்து தாளகுப்பா செல்லும் பாதையில் உள்ள அரசாளு என்னும் சிறு நிலையம் மால்குடி நிலையமாயிற்று. தொடரில் சிறுவன் சுவாமியாக மாஸ்டர் மஞ்சுநாத் நடித்தார். கண்டிப்புள்ள தந்தையாகக் கிரீஷ் கர்னாட், அன்னையாக வைசாலி காசரவள்ளி. மிட்டாய்க் கடை ஜெகனாக அனந்த நாக் வந்தார். சங்கரும் சில கதைகளில் நடித்தார். எழுத்தாளரின் தம்பியாரான ஆர். கே. லட்சுமணன் தீட்டிய கோட்டோவியங்கள் ஒவ்வொரு வாரமும் தொடக்கத்தில் திரையை அணிசெய்தன. சங்கர் இயக்கியவை மொத்தம் 39 பகுதிகள்.

நாட்டில் தூரதர்ஷன் ஒன்றே இருந்த காலம் அது. 1986, 87-ஆம் ஆண்டுகளில் நஞ்சன்கூட்டில் நாம் குடியிருந்த தெருவில் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது ஒரே வீட்டில். அவ்வீட்டார் கன்னடர், உப்பு வணிகம் செய்தவர்கள். மால்குடி வரும் நேரத்தில் தெருப்பிள்ளைகள் யாவரும் அங்குக் கூடத்துத் தரையில் அமர்வோம். தமிழ்ப் பிள்ளை, கன்னடப் பிள்ளை, உருது பேசும் பிள்ளை என்ற வேறுபாடு அக்கூடத்தில் இருந்ததில்லை. தொடர் இந்தியில் வந்தது, நமக்கோ ஏழெட்டு வயது, இந்தி அறியோம். ஆயினும் சுவாமி தேர்வுக்கு அஞ்சியதும், பாட்டியிடம் ஒட்டிக்கொண்டதும், தந்தையாரின் காலடி ஓசை கேட்டுப் புத்தகத்தைக் கையில் எடுத்ததும் நமக்கு விளங்காமல் போகவில்லை. நம் வீடுகளில் நாள்தோறும் நடந்தவையே அவை. அவ்வீட்டு அம்மையார் தொடர் முடிந்ததும் ஆளுக்கொரு ரசபாலை வாழைப்பழம் கொடுத்து அனுப்புவார். பழம் தின்றுகொண்டே அப்பாட்டின் மெட்டை முணுமுணுத்தபடி வீடு திரும்புவோம்.

அம்மெட்டை மறந்தார் யாருளர்? சொற்களே இல்லாது, வாயால் இசைக்கும் ஒலிகளாலேயே அமைந்த அது, கேட்ட மாத்திரத்தில் நெஞ்சில் ஒட்டிக்கொள்வது. அதனை அமைத்தவர் எல். வைத்தியநாதன், வயலின் வித்தகர் எல். சுப்பிரமணியத்தின் உடன்பிறந்தார், 'ஏழாவது மனிதன்' முதலிய தமிழ்ப் படங்களுக்கு இசை தந்தவர். இன்று நம் பிள்ளைகள் கைப்பேசியில் அம்மெட்டைக் கேட்க நேர்ந்தால், அடுக்களையில் இருக்கும் தாயும் அலுவலகத்திலிருந்து களைத்து வந்த தந்தையும் ஒருகணம் நின்று கேட்பதைக் காண்கிறோம்.

இவ்விடத்தில் அன்பர்கள் ஒன்றைச் சிந்தித்தல் வேண்டும். கதை எழுதியவர் மைசூரில் வாழ்ந்த தமிழர். எழுதிய மொழி ஆங்கிலம். இயக்கியவர் கொங்கணி பேசும் வீட்டில் பிறந்து, மராத்தி மேடையில் பயின்று, கன்னடத்தில் புகழ் பெற்றவர். இசை அமைத்தவர் தமிழர். நடித்தவருள் பெரும்பாலோர் கன்னட நாட்டினர். பேசிய மொழி இந்தி. இத்தனை பேர் சேர்ந்து ஆக்கிய ஊரைப் பார்த்த ஒவ்வொரு சிறுவனும் அதைத் தன் ஊர் என்றே கொண்டான். இது எவ்வாறு நேர்ந்தது? அவர்களுள் எவரும் தம் தாய்மொழியைத் துறக்கவில்லை. வாழவந்த இடத்தை அயலிடமாகக் கருதவும் இல்லை. இரண்டையும் ஒருங்கே நெஞ்சில் தாங்க முடியும் என்பதற்கு அவர்கள் சான்றாவர். குறிப்பாகச் சங்கர், பம்பாய்க்குச் சென்றபோது மராத்தியையும், பெங்களூருக்கு வந்தபோது கன்னடத்தையும் முழுமனத்தோடு ஏற்றார். தாம் வாழவந்த ஊருக்குத் தம்மால் என்ன ஆகும் என்பதே அவருடைய நினைவாக இருந்தது.

இதை நாம் வெறும் புகழுரையாகச் சொல்லவில்லை. 1991-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையை ஒட்டி இம்மாநிலத்தில் எழுந்த கலவரத்தின்போது, தமிழர் பட்ட இடர்களை மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். அந்நாட்களில் நம் வீட்டிலும் விளக்கைத் தணித்துவைத்துத் தாழ்ந்த குரலில் பேசினோம். நாம் இவ்வூரார்தாமா என்னும் ஐயம் பன்னிரண்டு வயதுச் சிறுவனின் நெஞ்சில் முதன்முதல் எழுந்தது அப்போதுதான். நமக்குக் கூடத்தில் இடம் தந்த அதே வீட்டாரே அந்நாட்களில் இரவுதோறும் வந்து, ஒன்றும் அஞ்ச வேண்டாமென்று சொல்லிச் சென்றனர். ஊர் என்பது எது என்று மால்குடியில் பார்த்ததை அவர்கள் வாழ்வில் செய்து காட்டினார்கள். நம் ஊர் ஓரமாக ஓடும் கபிலை, திருமகூடலில் காவிரியோடு கலந்து தமிழகம் செல்கிறது. ஆறு எந்த எல்லையிலும் நின்று தன் பெயரைச் சொல்லிக்கொள்வதில்லை.

அக்கலவரத்தைக் காணச் சங்கர் இல்லை. அதற்கு ஓராண்டுக்கு முன்பே, 1990-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள், தாவணகெரேக்கு அண்மையில் உள்ள ஆனகோடு என்னும் ஊரருகே நெடுஞ்சாலையில் நேர்ந்த கார் விபத்தில் அவர் உயிர் நீத்தார். 'ஜோகுமாரசுவாமி' என்னும் படத்தின் பணிக்காகச் சென்றுகொண்டிருந்தார். உடனிருந்த மனைவியாரும் சிறு மகளும் காயங்களோடு உயிர் பிழைத்தனர். சாலை விபத்தின் கொடுமையைப் படமாக்கிக் காட்டியவரின் முடிவு சாலையிலேயே நேர்ந்தது. முப்பத்தாறாம் ஆண்டு நிறைவதற்கு அப்போது நாற்பது நாட்களே இருந்தன. செய்தி கேட்ட நாளில் கன்னட நாட்டின் ஊர்தோறும் மக்கள் தம் வீட்டுப் பிள்ளையை இழந்தாற்போல் வருந்தினர்.

அவர் கண்ட கனவுகள் பல. பெங்களூருக்கு மெட்ரோ இரயில் வேண்டும் என்று, அப்பெயரைப் பலர் கேட்டிராத அந்நாளிலேயே அவர் எண்ணி, அதற்கான செய்திகளைத் திரட்டினார். நந்தி மலைக்குக் கம்பிவழிப் பாதை, எளியோர்க்குக் குறைந்த செலவில் வீடு என்பனவும் அவர் எண்ணத்தில் இருந்தன. பெங்களூரில் மெட்ரோ 2011-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் ஓடத் தொடங்கியது. இரயில்வேயில் பணிபுரியும் நமக்கு ஒன்று தெரியும்: வண்டி ஓடுவதற்குப் பல்லாண்டு முன்னரே யாரோ ஒருவர் பாதையை மனத்தில் போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

அவருடைய மற்றொரு கனவை நிறைவேற்றியவர் அருந்ததியார். விபத்தில் பட்ட பெருங்காயங்களிலிருந்து மெல்ல மீண்டு, பல்லாண்டுகள் அலைந்து பொருள் திரட்டி, பெங்களூர் ஜெயப்பிரகாஷ் நகரில் நாடகத்துக்கென்றே ஓர் அரங்கம் எழுப்பினார். 'ரங்க சங்கரா' என்னும் அவ்வரங்கம் 2004-இல் திறக்கப்பெற்றது. குறித்த நேரத்தில் திரை எழும். தாமதமாக வருவோர்க்குக் கதவு திறவாது. கன்னடம் முதலாகத் தமிழ், இந்தி, ஆங்கிலம் எனப் பலமொழி நாடகங்கள் அங்கு நடைபெறுகின்றன. கணவனின் நினைவுக்குக் கற்சிலை வைக்காமல், நாள்தோறும் விளக்கெரியும் மேடை ஒன்றை வைத்த அம்மையாருக்கு நம் வணக்கம் உரியது. 2010-இல் பத்மஸ்ரீ விருது அவரை வந்தடைந்தது.

இரயில்வேயும் மால்குடியை மறந்துவிடவில்லை. மைசூருக்கும் எலகங்காவுக்கும் இடையே விடப்பட்ட வண்டிக்கு மால்குடி எக்ஸ்பிரஸ் என்று பெயரிடப்பட்டது. கற்பனை ஊரின் பெயரைத் தாங்கிய வண்டிக்குப் பயணச்சீட்டுக் கொடுக்கும் பேறு வேறு எந்த நாட்டு எழுத்தருக்குக் கிடைக்கும்? அரசாளுவில் பாழடைந்து கிடந்த பழைய நிலையக் கட்டடத்தைத் தென்மேற்கு இரயில்வே புதுப்பித்து, 2020-இல் மால்குடி அருங்காட்சியகமாக ஆக்கியது. மால்குடி என்னும் பெயர்ப்பலகை அங்கு நிற்கிறது. விடுமுறையில் சிவமொக்காப் பக்கம் செல்லும் அன்பர்கள் தவறாது கண்டு வருக.

சங்கர் நாக்கின் வாழ்க்கையில் நமக்குத் தோன்றும் செய்தி இதுவே: மனிதன் பிறந்த ஊரை அவன் தேர்ந்தெடுப்பதில்லை, உழைக்கும் ஊரைத் தன் அன்பினால் தன்னூராக்கிக்கொள்ள அவனுக்கு முடியும். நம் பெற்றோர் கையில் ஒரு தகரப் பெட்டியோடு இவ்வூர் நிலையத்தில் வந்து இறங்கினர். நாம் இங்கே படித்தோம், பணி பெற்றோம், வீடு கட்டினோம். நம் பிள்ளைகள் வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் பேசி வளர்கின்றனர். அவர்கள் தமிழை நன்கு கற்க வேண்டும். அதற்காகவே இச்சங்கம் இருக்கிறது. கன்னடத்தையும் அவ்வாறே நன்கு கற்று, இவ்வூருக்குத் தம்மால் இயன்ற நன்மையைச் செய்ய வேண்டும். நம் சங்கத்தின் நாடகக் குழு இனிவரும் ஆண்டுவிழாக்களில் தமிழ் நாடகம் ஒன்றோடு கன்னட நாடகம் ஒன்றையும் அரங்கேற்றுமாயின், அண்டை வீட்டாரையும் அழைத்து முன்வரிசையில் அமர்த்துமாயின், அதுவே சங்கர் நாக்குக்கு நாம் செலுத்தும் தகுந்த அஞ்சலியாகும்.

வாழ்க அக்கலைஞர் புகழ்! வளர்க நம் சங்கம்!